தூங்குமூஞ்சி விளக்குகள்

1

செப்டம்பரில் ஒரு நாள். பிரான்சில் பிற்பகல் மூன்றரை, ஊரில் இருட்டி ஏழு மணி. அலுவலகத்தில் காப்பியை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்து தங்கை ஸ்டெல்லா வீடியோவில் அழைத்தாள். எடுத்தால், திரை முழுக்க இருட்டு. உள்ளே நாலைந்து பெண்களின் சிரிப்பு மட்டும் கேட்டது.

“ஸ்டெல்லா, போனப் பைக்குள்ள வெச்சிட்டுப் பேசறியா? ஒண்ணும் தெரியல.”

“நல்லாப் பாருண்ணா. பூங்காவுலதான் உக்காந்திருக்கேன். நீ வரைஞ்சு குடுத்த லைட்டுக்குக் கீழதான்.”

“லைட்டு எரியலையா?”

“எரியும். இரு.”

வளையல் குலுங்கும் ஓசை கேட்டது. சட்டென்று வெளிச்சம் வந்தது. பெஞ்சில் ஸ்டெல்லா, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, நிறுத்தாமல் போகிற பஸ்ஸை மறிக்கிறவளைப்போல ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா? கைய ஆட்டுனா எரியுது. நிறுத்துனா தூங்கிடுது. நீயே சொல்லு, நாங்க பூங்காவுக்குக் காத்து வாங்க வர்றோமா, உன் லைட்டுக்கு டாட்டா காட்ட வர்றோமா?”

என் காப்பி முழுசாக ஆறிப்போயிருந்தது. அந்த விளக்குகளை அப்படித் தூங்கச் சொன்னது நான்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். பாரிசுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் நகராட்சியில், பூங்காக்களுக்கு வெளிச்சம் அமைக்கும் பிரிவில் இருக்கிறேன். நகராட்சிக்கு இங்கே ‘மேரி’ என்று பெயர். கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுச்சொல் இல்லை. ஆனால் ஸ்டெல்லாவைக் கட்டியவர் விழுப்புரத்துக்காரர். கல்யாணமான புதிதில் என்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “மச்சான், அந்த மேரியம்மா சம்பளமெல்லாம் ஒழுங்காக் குடுக்குறாங்களா?” இன்றுவரை எங்கள் குடும்பத்தில் என் முதலாளிக்கு மேரியம்மா என்றே பெயர்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்ததால் இங்கே வந்தவன் நான். “பொண்ணக் கட்டுனானா, பாஸ்போர்ட்டக் கட்டுனானா” என்று அப்போது எங்கள் ரெட்டியார்பாளையத்தில் கேட்காதவர்கள் இல்லை. இரண்டையும்தான் என்று என் மனைவி ரோஸலின் இன்றும் சொல்வாள். மில்லில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்குப் பிரெஞ்சில் ‘போன்ழூர்’ தவிர வேறு சொல் தெரியாது. எனக்கு இங்கே வந்த பிறகுதான் நாக்கு திரும்பியது. அதுவும் முழுசாகத் திரும்பவில்லை.

ஓர் உதாரணம். விளக்கை நிறுத்துவதற்குப் பிரெஞ்சில் ‘எத்தேந்த்ர்’ என்பார்கள். துணியை விரித்துக் காயப்போடுவதற்கு ‘எத்தாந்த்ர்’. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பொதுமக்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, இரவில் பூங்கா விளக்குகளையெல்லாம் கொடியில் காயப்போடப் போகிறோம் என்று கம்பீரமாக அறிவித்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கி, “மழை வந்தால் யார் எடுப்பது?” என்றார். அதற்குப் பிறகு எத்தனை திட்டம் போட்டாலும், என்னோடு வேலை செய்பவர்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, “விளக்கு காய்ந்துவிட்டதா?” என்பதுதான்.

இங்கே எங்களுடைய பெரிய பாடு, பூங்காவை வெளிச்சமாக்குவது அல்ல, தேவையில்லாத வெளிச்சத்தைக் குறைப்பது. கம்பத்தின் உச்சியில் சூரியத் தகடு, அதற்கடியில் பேட்டரி, இடுப்பில் ஆள் அசைவதைக் கண்டுபிடிக்கும் ஒரு கண். ஆள் நடந்து வந்தால் விளக்கு முழுசாக எரியும். அசைவு நின்றால் கொஞ்ச நேரத்தில் மங்கி, இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்குப் போகும். பேட்டரி மிஞ்சும், வௌவாலுக்கு நிம்மதி, முள்ளெலிக்கு நிம்மதி. முள்ளெலி என்பது முள்ளம்பன்றியின் பொடிசு, உள்ளங்கையில் அடங்கும். அதற்காக எங்கள் ஊரில் ஒரு சங்கமே இருக்கிறது. அந்தச் சங்கத்தின் தலைவி கையெழுத்துப் போடாமல் எந்தக் கம்பமும் மண்ணில் இறங்காது. புதுச்சேரியில் ஒரு சாதிச் சான்றிதழ் வாங்கிய அனுபவம் இல்லாதிருந்தால் அந்தம்மாளிடம் நான் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

விளக்கு மங்கியிருக்கும் இந்த நிலைக்குப் பிரெஞ்சில் ‘வேய்’ என்று பெயர். விழித்திருப்பது என்று பொருள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

போன வருடம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது ஸ்டெல்லா என்னை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் குடியிருப்பின் நடுவே, நான்கு தெருவுக்கும் பொதுவாக இருக்கும் சின்ன இடம். நடுவில் குடை விரித்ததுபோல் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். சுற்றிலும் சிமென்ட் பெஞ்சுகள். நாங்கள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

“ஆறரைக்கே பூட்டிடுவாங்க. லைட்டு இல்லல்ல,” என்றாள்.

ஸ்டெல்லாவுக்குக் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. பகலெல்லாம் நின்றுகொண்டே செய்ய வேண்டியது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேரும்போது பூங்கா பூட்டியாகிவிடும். அவளைப்போல அந்தத் தெருக்களில் நிறையப் பெண்கள். கடையில் நிற்பவர்கள், பள்ளியில் நிற்பவர்கள், இரண்டு வீட்டுச் சமையல் முடித்து வருபவர்கள். பூங்காவை ஒன்பது மணிவரை திறந்து வைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்டுலதான் சோபா இருக்கே, அங்க உக்காரக் கூடாதா?” என்று கேட்டேன்.

“வீட்டுல உக்காந்தா யாராச்சும் தண்ணி கேப்பாங்கண்ணா,” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

சங்கத்தில் அவளுக்கு எதிர்ப்பக்கம் தணிகாசலம் சார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பூங்காவுக்கு எதிர்வீடு. நல்ல மனிதர், தெருவில் யார் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றாலும் முதல் மனு அவருடையதுதான். ஆனால் பொழுது சாய்ந்தபின் திறந்திருக்கும் கதவு எதுவும் அவருக்கு ஆகாது. “இருட்டுல பூங்காவத் தொறந்து வெச்சா கண்ட கண்ட பசங்க வருவானுங்க. ஆறரைக்குப் பூட்டறதுதான் மரியாதை” என்பார்.

அந்த நேரத்தில்தான் சூரிய விளக்கு போட நகராட்சியில் அனுமதி வந்தது. ஒரு நிபந்தனையோடு: கொஞ்ச காலம் சோதனையாக ஒன்பது மணிவரை திறப்பார்கள், பார்த்துவிட்டுச் சரிப்படவில்லை என்றால் பழையபடி ஆறரைக்குப் பூட்டு. அந்தத் திட்டத்தைப் பார்க்கும் இளநிலைப் பொறியாளர் ஒரு பெண். தெருவில் எல்லாருக்கும் ஜே.ஈ. மேடம். ஸ்டெல்லா என்னை அவரிடம் இழுத்துப்போய், “எங்க அண்ணன், ஃப்ரான்சுல இந்த வேலைதான் பாக்குறாரு” என்று நிறுத்திவிட்டாள். அதற்குமேல் எனக்கு நிலைகொள்ளுமா?

நான் நன்றாகத்தான் செய்தேன், அதையும் சொல்லிக்கொள்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட விடவில்லை. நிழல் விழாத இடமாகப் பார்த்துக் கம்பங்களைத் தள்ளி நட்டு, வெளிச்சத்தை மட்டும் பெஞ்சுப் பக்கம் சாய்த்தேன். காக்கை எச்சத்தைத் துடைக்க வசதியாகத் தகடுகளின் சரிவை மாற்றினேன். ஐப்பசி கார்த்திகை மழையில் வெயில் இல்லாத நாட்களிலும் பேட்டரி தாங்க, அசைவு பார்த்து எரிகிற முறையை வைத்தேன். பூச்சிகள் மொய்க்காமல் இருக்க மஞ்சள் ஒளி. இந்த வருடம் விளக்கு போட்ட அன்றே தெருவெல்லாம் போய்ச்சேர்ந்த முதல் விமர்சனம் அந்த மஞ்சளைப் பற்றியதுதான்: “ஏன் டல்லா எரியுது? வோல்டேஜ் இல்லையா?”

மஞ்சளுக்குப் பழகிக்கொண்டார்கள். தூக்கத்துக்குப் பழகவில்லை.

பிரெஞ்சிலும் காற்று வாங்குவது உண்டு. ‘ப்ராந்த்ர் லேர்’, காற்றை எடுத்துக்கொள்வது. என் மூளைக்குள் இரண்டும் ஒன்றாகிப்போனதுதான் வினை. இங்கே ஒருவர் காற்றை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றால், காலணியை இறுக்கிக்கொண்டு நாயோடு நடக்கிறார், இல்லாவிட்டால் ஓடுகிறார். நம் ஊரில் காற்று வாங்குவது என்றால் உட்கார்வது. முந்தானையைத் தளர்த்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, குத்துக்கல் மாதிரி உட்கார்வது. காற்று தானாக வரும். நாம் போய்த் துரத்த வேண்டியதில்லை.

நடக்கிறவர்களுக்கான விளக்கை உட்காருகிறவர்களுக்கு மாட்டிவிட்டேன். தூங்குமூஞ்சி மரம் அந்தியில் இலையை மடக்கும். ஏழு மணிக்கு என் விளக்குகளும் மடங்கும். மக்கள் சும்மா இருப்பார்களா? தூங்குமூஞ்சி லைட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் விழித்திருப்பது என்று சொன்னதை என் ஊர் ஒரே பார்வையில் சரியாக மொழிபெயர்த்துவிட்டது.

4

“அடுத்த வெள்ளிக்கெழம ஜே.ஈ. மேடம் பாக்க வர்றாங்க,” என்றாள் ஸ்டெல்லா, அன்றைய அழைப்பின் முடிவில். குரலில் கேலி போயிருந்தது. “ஆளுங்க குறைஞ்சிட்டே வர்றாங்கண்ணா. கையாட்டிக் கையாட்டி சலிச்சிட்டாங்க. தணிகாசலம் சார் மனு எழுதி வெச்சிருக்காரு. பூட்டிட்டாங்கன்னா மறுபடி தொறக்க வெக்கிறது என்னால ஆகாது.”

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா. நான் ஏதோ செய்கிறேன் என்று படபடத்தேன்.

“சதை ஆடுனாப் பத்தாதுண்ணா. இங்க கை ஆடணும்.”

விளக்கின் நடத்தையை மாற்றப் பெரிய வேலை இல்லை. ஒரு சின்ன ரிமோட்டில் நான்கு பொத்தான்களை அழுத்தினால் போதும். ரிமோட் விளக்கு பொருத்திய ஒப்பந்தக்காரரின் ஆளிடம் இருந்தது. அவருக்குப் போன் செய்தேன். ஆர்டர் இல்லாமல் தொட மாட்டேன் என்றார். புதுச்சேரி நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பார்வையிட்ட பிறகுதான் ஆர்டர் என்றார்கள். பார்வையிடுவது எப்போது என்றேன். வெள்ளிக்கிழமை.

இதைக் கேட்டு ரோஸலின் விழுந்து விழுந்து சிரித்தாள். “முள்ளெலிச் சங்கத்துக்கு அங்கயும் கிளை இருக்குபோல” என்றாள்.

என் மகள் கிளேர் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. வேறு ஊரில் படிக்கிறாள், வார இறுதியில் வருவாள். கிளேர் என்றால் வெளிச்சமானவள் என்று பொருள். நான் ஆசையாக வைத்த பெயர். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சின்ன வயதில் புதுச்சேரியில், காற்று வாங்கப் போகலாம் என்று அத்தை கூப்பிட்டதும் தன் குட்டிப் பையை எடுத்துக்கொண்டு வந்து, “எவ்ளோ வெலை?” என்று கேட்டவள். வளர்ந்த பிறகு ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டபோது ஒரு கோடையில் சொன்னாள்: “அங்கே என்ன செய்வது, அப்பா? எல்லோரும் சும்மா உட்கார்ந்தே இருக்கிறார்கள்.”

அதைக் கேட்டு எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது. விளக்கு அமைக்கிறவன் என்ற முறையில் நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டிய தகவல் அது.

5

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டு மேசையில் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். வார இறுதிக்கு அன்றே வந்துவிட்ட கிளேரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஸ்டெல்லா, எங்கள் முகம் தெரியும் போனை எதிர்ப் பெஞ்சில் நிறுத்திவைத்திருந்தாள். பெண்கள் பத்துப்பேர் போல இருந்தார்கள்.

“அத்த, லைட் எல்லாம் செத்துப்போச்சா?” என்று கேட்டாள் கிளேர்.

“ஐயோ, வெளக்கப்போயி செத்துப்போச்சுன்னு சொல்லாதடி! தூங்குதுன்னு சொல்லு.”

நான் முன்பே திட்டம் சொல்லியிருந்தேன். மேடம் வரும்போது எல்லாரும் நடந்துகொண்டே இருங்கள், விளக்கு ஜோராக எரியும், கையெழுத்து விழுந்ததும் உட்காரலாம் என்று. ஸ்டெல்லா அப்போதே முகத்தைச் சுளித்தாள். “பகலெல்லாம் நின்னுட்டு, சாயங்காலம் உன் லைட்டுக்காக நடக்கணுமா?”

ஜே.ஈ. மேடம் வந்தார். தோளில் பை, கையில் ஹெல்மெட். அன்றைக்கு அது அவர் பார்க்கும் எத்தனையாவது இடமோ. அவர் நடக்க நடக்க ஒவ்வொரு விளக்காக எழுந்து சலாம் போட்டது. ஒரு சுற்று வந்தார்.

“நல்லாத்தானே எரியுது? என்ன கம்ப்ளெய்ன்ட்டு?”

தணிகாசலம் சார் தொண்டையைச் செருமினார். “மேடம், இது நீங்க வந்ததால எரியுது.”

மேடம் அதைக் காதில் வாங்காமல் அடுத்த கம்பத்தைப் பார்த்தார். இப்படியே அவரை வாசல்வரை நடக்க வைத்து அனுப்பிவிட்டால் பூங்கா பிழைத்தது. “ஸ்டெல்லா, பேசாம இரு,” என்று போனுக்குள் கிசுகிசுத்தேன்.

கிளேர் என் கையைத் தட்டினாள். “அத்த,” என்றாள், தமிழிலேயே. “அவங்கள உக்காரச் சொல்லு.”

“வேணாம்! இருட்டாயிட்டா பூட்டிடுவாங்க!” என்று பதறினேன்.

ஸ்டெல்லா ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “மேடம், வந்ததுலேர்ந்து நிக்கிறீங்க. உக்காருங்க. சுண்டல் இருக்கு.”

மேடம் தயங்கினார், உட்கார்ந்தார். பையை இறக்கினார். ஒரு காலால் இன்னொரு காலின் செருப்பைத் தள்ளிவிட்டு, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, “அப்பாடா” என்றார். காற்று வந்திருக்க வேண்டும். மேலே மரம் லேசாக அசைந்தது. யாரும் கையை ஆட்டவில்லை.

விளக்கு தூங்கியது.

“இதான் மேடம்!” இருட்டிலிருந்து தணிகாசலம் சாரின் குரல் வெற்றிகரமாக எழுந்தது. “இதத்தான் மனுவுல எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க.” காகிதத்தைப் பிரித்த கையின் அசைவில் விளக்கு எழுந்துகொண்டது. அவர் நிமிர்ந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்து வாசிக்கத் தொடங்கினார். “ஐயா அம்மையீர், மேற்படி பூங்காவில் இருள் சூழ்ந்த நிலையில்...”

அரசாங்க மனுவை அசையாமல் நின்று வாசிப்பதுதான் முறை. அவர் முறை தவறாதவர். இரண்டாம் பத்தியில் விளக்கு மறுபடி தூங்கிவிட்டது.

வாசிப்பு நின்றது. பிறகு அதே குரல், ஆனால் ரொம்பச் சன்னமாக:

“யாராச்சும்... கொஞ்சம் கைய ஆட்டுங்கம்மா. எழுத்து தெரியல.”

பத்துப் பெண்களும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். வெளிச்சம் பளீரென்று வந்தது. அதில் தெரிந்த காட்சியை நான் மறக்க மாட்டேன்: நடுவில் மனுவோடு தணிகாசலம் சார், சுற்றிலும் அவருக்காகக் கையாட்டும் பெண்கள், பெஞ்சில் ஜே.ஈ. மேடமும் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையை ஆட்டுகிறார்.

“படிங்க சார், நாங்க ஆட்டறோம்,” என்றாள் ஸ்டெல்லா. “பூங்காவப் பூட்டணும்னுதான் எழுதியிருக்கீங்க. அதப் படிக்கவும் வெளிச்சம் வேணுமில்ல?”

முதலில் சிரித்தது மேடம். அப்புறம் எல்லாரும். கடைசியில், காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, தணிகாசலம் சாரும். “வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்று யாரும் கேட்காத விளக்கம் ஒன்றைச் சொன்னார்.

“பூட்டறதுக்கு ஒண்ணுமில்ல சார். லைட்ட முழிக்க வெச்சாப் போச்சு,” என்றார் மேடம். பிறகு போன் பக்கம் திரும்பினார். “ஃப்ரான்ஸ் சார், இருக்கீங்களா? உக்கார்றவங்களுக்கு என்ன செட்டிங்?”

நான் சொன்னேன்: பெஞ்சுப் பக்கம் உள்ளவை பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணிவரை பாதி வெளிச்சத்தில், அசைந்தாலும் அசையாவிட்டாலும் எரியட்டும். நடைபாதை விளக்குகள் தூங்கி விழிக்கட்டும். பேட்டரிக்கும் பழுதில்லை. மேடம் அங்கேயே ஒப்பந்தக்காரரின் ஆளுக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுத்தார். செருப்பை மட்டும் அவர் உடனே மாட்டிக்கொள்ளவில்லை.

6

ஊரில் மழை தொடங்கிவிட்டது. நாலு நாள் விடாமல் பெய்தும் விளக்குகள் தாங்கின என்று ஸ்டெல்லா சொன்னாள். ஈரப் பெஞ்சைத் துடைக்க ஆளுக்கொரு துணி கொண்டுபோகிறார்களாம். தணிகாசலம் சாரும் பேப்பரோடு வருகிறாராம். அவர் வீட்டு ட்யூப்லைட்டைவிட அது கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். ஆனால் இந்தச் செய்தியை வெளியே சொல்லக்கூடாதாம். பெயர் மட்டும் மாறவில்லை. “தூங்குமூஞ்சி லைட்டாண்ட வந்துடு” என்றுதான் இன்றும் ஒருவரையொருவர் அழைக்கிறார்களாம்.

இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. போன ஞாயிறு கிளேர் என்னிடம், “உங்கள் பூங்காவுக்குப் போகலாமா?” என்று கேட்டாள். போனோம். கம்பங்கள் வரிசையாக எங்களுக்கு எழுந்து நின்றன. வழக்கம்போல ஒவ்வொன்றையும் சரிபார்த்தபடி நடந்தேன். அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில், நான் வெளிச்சம் போட்ட ஒரு பூங்காவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நன்றாக இருந்தது, தெரியுமா!

விளக்கு மெல்ல மங்கியது. குளிர் இருந்தது, கிளேர் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். எதிரே காய்ந்த இலைகளுக்குள் ஏதோ சரசரத்தது. முள்ளெலியாகத்தான் இருக்க வேண்டும். சங்கத் தலைவி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்போது போன் அடித்தது. ஸ்டெல்லா, சாப்பிட்டு முடித்துப் பேச உட்கார்ந்திருந்தாள். கிளேர் எடுத்தாள்.

“எங்கடி இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கு! உங்கப்பா எங்க? அண்ணா, கைய ஆட்டு! கைய ஆட்டுண்ணா, லைட்டு வரும்!”

நான் கையைத் தூக்கப் போனேன். கிளேர் அதைப் பிடித்து மறுபடி கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

“வேணாம் அத்த,” என்றாள். “நாங்க காத்து வாங்கறோம்.”